முனீஸ்வரன் கல்லருகே மட்டும் வெடித்த கார்

24-08-2025, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.40, செஞ்சி.

பொருள்: எங்கள் காரில் எழுந்த வெடிச்சத்தமும் அதன் காரணமும்.

நண்பர்களுக்கு வணக்கம்.

நேற்று என் மனைவி கமலா எங்கள் காரில் ஏறினாள்!

(இதெல்லாம் ஒரு செய்தியா என்பவர்கள் சற்றுப் பொறுக்கவும்.)

கமலாவின் வலக்கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது. மாதம் ஒருமுறை திருவண்ணாமலையில் கண்ணுக்குள்ளேயே ஊசி. தேதி தவறினால் போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

23-07-2025, புதன்கிழமை. ஊசிக்குப் புறப்பட்டோம்.

கோட்டை மலைகளைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு புளியமரம். அதனடியில் மஞ்சள் பூசிய முனீஸ்வரன் கல். காரை இடப்பக்கச் சரிவில் இறக்கி நிறுத்துவேன். கமலா சூடம் ஏற்றுவாள். நான் உள்ளேயே அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். இது வழக்கம்.

அவள் வந்து அமர்ந்ததும் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன்.

டமார்!

மறுகணமே எதிரே குவிந்து கிடந்த பாறைகளிலிருந்து அதே சத்தம் திரும்பி வந்தது. கேட்டதற்கு யாரோ பதில் சொன்னதைப் போல.

பட்டப்பகல். மரத்துக் குரங்குகள்கூட அசையவில்லை.

"ஏங்க, டயர் வெடிச்சிருச்சா?"

இறங்கிப் பார்த்தேன். நான்கும் நன்றாகவே இருந்தன. அதன்பின் திருவண்ணாமலை வரை ஒரு முனகல்கூட இல்லை. திரும்பும்போதும் இல்லை.

06-08-2025, மறுபரிசோதனைக்குப் போன நாள். அதே மரம். அதே டமார். அதே பதில்!

"ஊரு பூரா சுத்தறோம், எங்கயும் கேக்கல. இங்க மட்டும் ஏங்க கேக்குது?" என்றாள் கமலா. குரல் தாழ்ந்திருந்தது.

மெக்கானிக் சலீம் பாயிடம் காரைக் கொடுத்தேன். வல்லம் வரை ஓட்டிப் போய், வழியிலிருந்த பள்ளங்கள் அனைத்திலும் இறக்கி ஏற்றிக் கொண்டுவந்தார்.

"இன்னா சார், வண்டி கல்லு மாதிரி இருக்குது. ஒரு சத்தமும் வரல. டென்ஷன் ஆவாதீங்க."

20-08-2025, புதன்கிழமை, ஊசி நாள். கமலா காரில் ஏற மறுத்துவிட்டாள்.

"சாமி போவாதன்னுது. நீங்க ஏறுன்றீங்க. நான் யாரு பேச்சக் கேக்கறது?"

"நான் உன் புருஷன்டி!"

"அதான் யோசிக்கிறேன்."

"அப்ப பஸ்ஸுல போலாம், வா."

"பஸ்ஸு மட்டும் வேற வழியாவா போவுது?"

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வரை பொறுக்கலாம், அதற்குமேல் ஆபத்து என்றார்கள். அன்று வீட்டில், நல்ல கண்ணை மூடிக்கொண்டு அவள் நாட்காட்டியைப் படிக்க முயல்வதைப் பார்த்தேன். அவளும் பயந்துதான் இருந்தாள்.

மறுநாள் அவளே ஒரு சமாதானம் சொன்னாள். முனீஸ்வரன் எதிரிலேயே நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைப்போம். நசுக்கிக்கொண்டு கார் சத்தமில்லாமல் கிளம்பினால் ஊசிக்கு வருகிறேன் என்றாள். ஆனால் அந்த இடம் வரைக்கும் ஆட்டோவில்தான் வருவாளாம்!

அன்றே கிளம்பினோம். சலீம் பாயும் தன் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். "என் காதால கேக்காம நம்ப மாட்டேன் சார்."

வழக்கம்போல் சரிவில் நிறுத்தினேன். சக்கரங்களுக்கு முன்னால், ஒட்டினாற்போல், கமலா பழங்களை வைத்தாள். நான் இன்ஜினைப் போட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினேன்.

டமார்!

பாறையும் பதில் சொன்னது.

"யா அல்லாஹ்!" சலீம் பாய் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

கமலா ஓடவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வண்டிய எடுத்தீங்களா?"

"இன்னும் எடுக்கல."

"பழம் நசுங்கல. நாலும் முழுசா இருக்குது. அதுக்குள்ள எப்பிடி வெடிச்சிது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கார் நகரும்போது சத்தம் வருவதாகவே இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். கார் நகரவேயில்லை! திரும்பியது ஸ்டீயரிங் மட்டுமே.

"பாய், வெளிய வாங்க. இது பேய் இல்ல!"

"நான் பேயின்னு சொன்னனா சார்? நெழலுக்கு நின்னேன்." வந்தவர் இடப்பக்க முன்சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, வண்டியின் பாரம் தாங்கும் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டார். "இன்னொருவாட்டி ஒடிங்க."

ஒடித்தேன்.

"அய்யோ! கையத் தூக்கி அடிக்குது சார்!"

பட்டறைக்கு மெல்ல உருட்டிப் போய்க் கழற்றினோம். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருந்தது. நின்ற நிலையில், பாரமெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்போது ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால், அது சிக்கி முறுகிப் பிறகு விடுபட்டுக் குதிக்கிறது. சமதரையில், ஓடுகிற வண்டியில், அது தெரியவே தெரியாது.

பாய் டயரின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். உடைந்த முனை கத்தியால் கோடு இழுத்ததுபோல் ரப்பரைச் சுற்றிலும் அறுத்திருந்தது.

"புதன்கிழமை போயிருந்தீங்கன்னா, ஸ்பீடுல போவும்போது..." என்று டயரைச் சுவரோரம் உருட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் வேன்கள் பட்டறையில் வரிசையாக நிற்க, பாய் அவற்றை ஓரங்கட்டிவிட்டு இருபுறமும் புது ஸ்பிரிங்கும் புது டயரும் மாட்டிக் கொடுத்தார். (வேன்காரர்கள் என்னை ஏசியதை இங்கே எழுத முடியாது.)

நேற்று அதே சரிவில் நிறுத்தினேன். ஒடித்தேன். சத்தமில்லை. பாறைகளும் பேசவில்லை. அந்த அமைதிதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

கமலாவுக்கு விளக்கினேன். "பாரு, நாம இப்பிடி சரிவுல நின்னு முழுசா ஒடிக்கிறது இந்த ஒரே எடத்துலதான். அதனாலதான் இங்க மட்டும் சத்தம் கேட்டுது. வேற ஒண்ணுமில்ல."

"சரிங்க. இந்த எடத்துல நிக்க வச்சது யாரு?"

காரைத் திருவண்ணாமலைக்கு ஓட்டினேன். ஊசி நல்லபடியாகப் போட்டாயிற்று. அவள் கேள்விக்கு உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.

இணைப்பு:
1. உடைந்த ஸ்பிரிங், படம் ஒன்று.
2. டயரின் உட்புறக் கீறல், படம் இரண்டு.
3. நசுங்காத எலுமிச்சம்பழங்கள், கமலா எடுத்தது.
4. முனீஸ்வரன் கல்லின் படம் இணைக்கப்படவில்லை. போனை உயர்த்தினேன், எடுக்கத் துணிவு வரவில்லை.