சாமியிடம் இருக்கும் ஜீப் தகடு

இன்று காலை ஈப்போ திடலில் என் ஜீப்பைப் பார்த்தேன்.

என் ஜீப் என்று சட்டப்படி சொல்ல முடியாது. (அதுதான் சங்கதியே.)

பழைய ராணுவ வண்டி சேர்ப்பவர்கள் கண்காட்சி வைத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் நின்றது. புதுப் பச்சைச் சாயம், முன்னும் பின்னும் பதிவு எண்.

ஓட்டுநர் பக்கத்து வண்டித் தரையில் வட்டமாக ஓர் ஒட்டு. அதைக் காட்டி, சண்டையில் குண்டு துளைத்த இடம் என்று வண்டிக்காரர் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

குண்டாவது சண்டையாவது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடம் அது. ரப்பர் பால் வாளியின் மூடியை வெட்டி நான் பற்றவைத்தது!

குனிந்து தடவப் போனேன்.

"தொடாதீங்க அங்கிள். எல்லாம் ஒரிஜினல் லா."

கையை எடுத்துக்கொண்டேன். மனதை எடுக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி. சிம்பாங் பூலாய்க்கு உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் கொடி மூடிக் கிடந்தது இந்த ஜீப். யுத்தம் முடிந்து ராணுவம் விட்டுப்போனதைத் தோட்டத்துரைமார் ஓட்டித் தேய்த்துப் போட்டிருந்தார்கள். அப்போதிருந்த துரை, "வேணும்னா எடுத்துக்கோ" என்றார்.

நான் தோட்டத்து ஆலையில் இயந்திரம் பார்த்தவன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கழற்றிக் கற்றேன். யுத்த காலத்தில் இரண்டு ஆலைகள் இந்த ஜீப்பைச் செய்தன. ஓர் ஆலை தன் முதலெழுத்தை போல்ட் தலையில்கூடக் குத்தியிருக்கும். என் வண்டியில் பாதி போல்ட்டில் எழுத்து இருந்தது, பாதியில் இல்லை. லயத்து வரிசைவீட்டுக் கல்யாணத்துக்கு எல்லா வீட்டுப் பாத்திரமும் வந்து சேருமே, அந்த மாதிரி.

ஓடவைத்துவிட்டேன். ஆனால் பதிவு இல்லாமல் பெரிய ரோட்டில் ஏற்ற முடியாது. தோட்டத்துக் கேட் வரை ஓட்டுவேன், அங்கே திருப்புவேன். காவல்காரர் தினமும் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார்.

"என்னா அண்ணே, இன்னிக்கும் ரிவர்சா?"

ஒரே ஒரு தடவை அந்தக் கேட்டைத் தாண்டி ஈப்போவுக்கு ஓட்ட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

பதிவு அலுவலகத்தில் வண்டியின் அடிச்சட்ட எண்ணை, அதாவது சேஸி நம்பரைக் கேட்டார்கள். சட்டம் எப்போதோ உடைந்து, எண் இருந்த இடத்தில் தண்டவாளத் துண்டு பற்றவைத்திருந்தது. அப்படியானால் டேஷ்போர்டில் ஒரு பித்தளைத் தகடு இருக்குமே, அதில் எண் உண்டு, கொண்டு வா என்றார்கள். நியாயமான பேச்சுதான்.

தகடு இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டைதான் இருந்தது.

தகடு எங்கே என்று தோட்டத்துக்கே தெரியும். முனியாண்டி சாமியிடம்.

கம்யூனிஸ்ட் சண்டை நடந்த அவசரகாலத்தில் துரைக்கு அந்த ஜீப்பை ஓட்டியவர் மாரிமுத்து அண்ணன். பள்ளத்தில் உருண்டு, சட்டம் முறிந்து, அவர் மட்டும் கீறல் இல்லாமல் எழுந்து வந்தார். தகட்டைக் கழற்றி முனியாண்டி கோயில் பலகையில் ஆணி அடித்துக் காணிக்கையாக்கிவிட்டார். அன்று முதல் ஆயுதபூசைக்கு முதல் சந்தனம் அந்தத் தகட்டுக்குத்தான்.

அவரிடம் போய்க் கேட்டேன்.

"சாமி எனக்கு உசுர குடுத்தாரு. நா அவருக்குத் தகட்ட குடுத்தேன். இப்ப நா தகட்ட திருப்பிக் கேட்டா, அவரு எத திருப்பிக் கேப்பாரு?"

ஆனாலும் விடவில்லை. கழற்ற வேண்டாம், எண்ணை மட்டும் படித்துக்கொள்கிறேன் என்று மாதக்கணக்கில் நச்சரித்தேன். கடைசியில், பார்க்கலாம், தொடக்கூடாது என்று இறங்கி வந்தார்.

அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், சந்தனத்தைக் கழுவித் துடைத்தார். பித்தளை வெயிலில் தகதகத்தது.

என் முகம் தெரிந்தது. எண் தெரியவில்லை.

"கண்ணாடி மாரி இருக்குல்ல தம்பி? வருசா வருசம் புளியும் சாம்பலும் போட்டு நாந்தான் தேய்ப்பேன். வேற ஆள தொட விடமாட்டேன்."

இத்தனை வருடப் பக்தியில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை!

மாரிமுத்து அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"பதிவாயிருந்தா என்னையும் ஏத்திக்கிட்டு ஈப்போ போயிருப்பே, இல்ல?"

அவருக்கும் அந்த ஆசை இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

எண்பதுகளில் தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள். எனக்கு ஈப்போவில் அடுக்குமாடி வீடு. பதிவில்லாத ஜீப்பை மூன்றாம் மாடியிலா நிறுத்துவது? பழைய இரும்புக்காரரின் லாரி வந்தது. என் ஜீப் கேட்டைத் தாண்டியது, லாரியின் முதுகில். காவல்காரர் அன்றைக்கு சல்யூட் அடிக்கவில்லை.

அண்ணனும் அக்காவும் இப்போது இல்லை. முனியாண்டி இருக்கிறார், இடம் மாறி, சிம்பாங் பூலாய் ரோட்டோரத்துச் சின்னக் கோயிலில். தகடும் அவரோடுதான். தேய்க்கக்கூடாது, வெறும் துணிதான் என்பது என் உத்தரவு.

இதையெல்லாம் வண்டிக்காரரிடம் சொன்னேன். டேஷ்போர்டில் இருப்பது வெளிநாட்டில் வாங்கிய நகல் தகடு, பதிவு எடுத்தது மாற்றிப்போட்ட அடிச்சட்டத்தின் எண்ணில் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்த ஒரிஜினல எனக்குக் குடுத்துருங்களேன் அங்கிள். என்னா வேணுமோ கேளுங்க."

"அது சாமியோடது. கேக்க நீங்க யாரு, குடுக்க நா யாரு?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை. பாகான் செராய் ஊர்க்காரர் என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவரை யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் இதைக் காட்டுங்கள்.

ஐயா, தகடு வராது. ஆனால் உங்கள் ஜீப் தகட்டிடம் வரலாமே. ஈப்போவிலிருந்து நேர் ரோடு, உங்களிடம் பதிவு எண்ணும் இருக்கிறது. ஆயுதபூசைக்கு வாருங்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நான் வைக்கிறேன்.

திரும்பும்போது என்னை ஈப்போ வரை ஏற்றிக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கை வேண்டாம், அது மாரிமுத்து அண்ணனுக்கு. நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

(சாவியை நீட்டினால் மறுக்கமாட்டேன்.)