கரியால் போட்ட கணக்கு

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த நெடியில் நான் எட்டாம் வகுப்புக்கே போய்விட்டேன்.

திண்டுக்கல்லில் அம்மா கூலிக்குப் புகையிலைக் காம்பு கிள்ளிய கிட்டங்கியின் முதலாளி மகள் வசந்தா, என் வகுப்புதான். பின்னக் கணக்கு அவளுக்கு ஏறவில்லை. சொல்லிக்கொடுக்க என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

அவள் கூடத்தில் பாய்மேல் இருந்தாள். வாசலில் நின்ற என்னிடம் அவள் அம்மா, "ஏ புள்ள, அங்கனயே இருந்து சொல்லு. உள்ள வராத" என்றார்.

மறுநாள் அடுப்புக்கரி கொண்டுபோனேன். வாசல் தரையில் கணக்கை வேண்டுமென்றே பொடி எழுத்தில் எழுதினேன். கூடத்திலிருந்து தெரியாமல் வசந்தா இறங்கிவந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"மேல வாடி" என்றார் அவள் அம்மா.

"இங்கனதாம்மா வெளங்குது."

இன்றைக்கும் யாராவது என்னை வாசலிலேயே நிறுத்தினால், கை கரித்துண்டைத்தான் தேடுகிறது.