ஆராய்ச்சிக்காகத் தைத்த ப்ளவுஸ்கள்

நோய் இல்லாதவர்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் கெஞ்சுவதுதான் என் தொழில். நோய் வந்தவர் டாக்டரைத் தேடி ஓடுவார். எங்கள் கதை தலைகீழ். தாம்பரம் சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை செய்கிறோம். சம்மதித்தால் கொஞ்சம் ரத்தமும் துளி திசுவும் வாங்கி, நாளைய ஆராய்ச்சிக்காகப் பெரிய ஃப்ரீசரில் சேமித்து வைக்கிறோம். இந்தச் சேமிப்புக்குத்தான் உயிரி வங்கி என்று பெயர். எதற்காகவாவது கதவு கதவாகத் தட்டி, "அப்புறம் வாங்க" என்ற பதிலை வாங்கித் திரும்பிய சகோதர சகோதரிகளே, என் அவஸ்தை உங்களுக்குச் சொல்லாமலே புரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பொங்கல், வடை, பரிசோதனை

செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ராஜவேலு சாருக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு. முகாமுக்கு இடம் கேட்டதும், வாடகைப் பேச்சே எடுக்காமல் சாவியை நீட்டிவிட்டார். நல்ல மனுஷன். "எல்லாரும் சாப்பிடாம வரணும் சார், வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்" என்று சொன்னதற்கு ஒன்றுக்கு இரண்டு முறை தலையாட்டினார். மறுநாள் காலை நானும் எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா அக்காவும் போய் இறங்கினால், வாசலில் பன்னீர் தெளிக்காத குறை! மண்டபமாயிற்றே என்று பெண்கள் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக வந்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இலையில் நெய் மிதக்கும் பொங்கல், வடை, கேசரி.

ரத்தப் பரிசோதனை அன்றைக்கு அம்பேல். நல்லவேளை, கர்ப்பப்பைப் பரிசோதனைக்கு வயிறு நிறைந்திருந்தால் தடையில்லை. கேசரி வாசனைக்கு, அழைக்காதவர்களும் வந்து சேர்ந்தார்கள். ராஜவேலு சார் வீட்டுக்கு ப்ளவுஸ் கொடுக்க வந்த அனகாபுத்தூர் தையல்காரி கஸ்தூரி அக்காவும் அப்படித்தான். டிபனுக்கு உட்கார்ந்தவர், "சாப்ட்டாச்சு, சும்மா போனா நல்லாருக்காது" என்று பரிசோதனைக்கும் வந்தார். நான் மட்டும் அழாக்குறையாக ராஜவேலு சாரிடம் போய், "சாப்பிடாம வரச் சொன்னோமே சார்!" என்றேன்.

"சாப்பிடாமதாம்மா வந்தாங்க, பாவம். அதனாலதானே டிபன் போட்டேன்!"

லோன் வேண்டாம்

முடிவுகள் வந்தபோது கஸ்தூரி அக்காவுடையது சரியில்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் அதுவாக மாறக்கூடிய மாற்றம். சின்ன சிகிச்சை. காலையில் போனால் சாயங்காலம் வீடு. இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். "வணக்கம்க்கா, நான் ஆராய்ச்சி..." என்று தொடங்கியதுமே "லோன் வேணாம்" என்று வைத்துவிட்டார். மறுபடி செய்தேன். "ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேன்" என்றார். கடைசியில் "பொங்கல், கேசரி" என்று நினைவுபடுத்திய பிறகுதான் காதுகொடுத்துக் கேட்டார்.

மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சம்பந்தி வீடு சிங்கப்பெருமாள் கோவில் ஊரில். விஷயம் காதில் விழுந்தால், பெண்ணுக்கும் வருமோ என்று பயந்து கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று அழுதார். "கல்யாணம் முடியட்டும் மேடம்" என்றார். கல்யாணம் முடியட்டும் என்பவர்கள் பிறகு தலைதீபாவளி முடியட்டும் என்பார்கள், அப்புறம் வளைகாப்பு, அப்புறம் பேரனுக்குக் காதுகுத்து. நடுவில் அந்த மாற்றம் சும்மா இருக்குமா? நேரில் வந்து பேசுகிறேன் என்றேன். எங்கள் வேனின் இரண்டு பக்கமும் "புற்றுநோய்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அந்த வண்டி மட்டும் என் தெருவுக்குள்ள வந்துச்சு, நான் வூட்லயே இல்லன்னு நானே வந்து சொல்லிடுவேன்!"

கழுத்து இறக்கம்

வழி சொன்னவர் ஸ்டெல்லா அக்கா. "தையல்காரி வீட்டுக்குத் துணியோட போனா யாருடி கேக்கப் போறா?" கஸ்தூரி அக்காவிடம் போனில் கேட்டேன். துணியோடு வந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டார். வேனை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, ப்ளவுஸ் பிட்டோடு சந்துக்குள் நடந்தேன். அளவு நாடாவை என் தோளில் போட்டதும் நான் மெதுவாக ஆரம்பிப்பேன். "கையத் தூக்கு" என்பார். தூக்கிக்கொண்டே பேசுவேன். முதல் ப்ளவுஸுக்கு "முடியாது" என்றார். அடுத்ததற்கு "வலிக்குமா?" என்றார். அதற்கடுத்ததற்கு "யாருக்கும் தெரியாம நடக்குமா?" என்றார். நான் உள்ளுக்குள் குதித்தேன். கேள்வி கேட்கிறார் என்றால் பாதி வந்துவிட்டார்!

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். சம்பந்தியம்மா சரோஜாவேதான், கல்யாணப் பெண்ணின் ப்ளவுஸ் டிசைன் பார்க்க வந்திருக்கிறார். கஸ்தூரி அக்கா முகம் வெளிறிப்போய், "இவங்க கஸ்டமரு" என்றார். சரோஜாம்மா என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து, முதுகில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டை உற்றுப் பார்த்துவிட்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க, இந்த வயசுக்கு இவ்ளோ கழுத்து இறக்கம் வேணாம்மா."

அரக்கும் மெரூனும்

ஒருவழியாகச் சிகிச்சைக்குச் சம்மதித்தார், எந்த நாள் என்பதை முடிவு செய்ததும் கஸ்தூரி அக்காதான். செவ்வாய், வெள்ளி ஆகாது. "மேட்சிங் லைனிங் வாங்கப் போறேன்னு சொன்னா சாயங்காலம் வரைக்கும் எவனும் தேட மாட்டான்" என்றார். உண்மைதானே, பெண்களே! ஆனால் திரும்பும்போது கையில் லைனிங் துணி இருக்க வேண்டும். அதை வாங்க ஸ்டெல்லா அக்காவை மார்க்கெட்டுக்கு அனுப்பினேன்.

சிகிச்சைக்கு முன் சம்மதம் கேட்கும் கட்டம். வெட்டி எடுக்கும் திசுவில் லேபுக்குப் போக மிச்சத்தை உயிரி வங்கிக்குத் தருவீர்களா, மறுத்தாலும் சிகிச்சை நடக்கும் என்று எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன். இதில் எத்தனை பேர் பயந்து பின்வாங்கியிருக்கிறார்கள்! அவர் யோசிக்கக்கூட இல்லை. "வெட்டுன துணியில மிச்சத்த நான் தூக்கிப் போடறதே இல்ல. யாருக்கோ பட்டி வெக்க ஆவும். எட்து வெச்சுக்கோ" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வருஷக்கணக்காகச் சொல்லிவரும் விளக்கம் அதற்கப்புறம் மாறிவிட்டது. இப்போது எல்லா முகாமிலும் வெட்டுத்துணிக் கதைதான் சொல்கிறேன், கைகள் தயங்காமல் நீள்கின்றன.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. களைப்பாகப் படுத்திருந்தவர் பக்கத்தில் போய் நின்று, எப்படி இருக்கிறது அக்கா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கண் என்னைத் தாண்டி ஸ்டெல்லா அக்கா கையிலிருந்த பையில் நின்றது.

"இன்னா சிஸ்டர் இது, அரக்கு கேட்டா மெரூன் வாங்கினு வந்துகீறீங்க!"

விருந்தாளிகள்

கார்த்திகை மழையில் எங்கள் கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கரண்ட் போனது, ஜெனரேட்டரும் முழுகிவிட்டது. ஃப்ரீசர் எப்போதும் மைனஸ் எண்பதில் இருக்க வேண்டும். அதன் முள் மெல்ல மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே எத்தனை பெண்கள் நம்பிக் கொடுத்தது, கஸ்தூரி அக்காவின் மிச்சத்துணி உட்பட. யாரை அழைப்பது என்று தெரியாமல் ராஜவேலு சாருக்குப் போன் செய்தேன்.

மண்டபத்து ஜெனரேட்டரை ஒரு குட்டி லாரியில் ஏற்றி, தானும் குடையோடு முன்னால் உட்கார்ந்து, முழங்கால் தண்ணீரில் வந்து சேர்ந்தார். முள் இறங்கத் தொடங்கியதும் எனக்கு உயிர் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஃப்ரீசரைத் தட்டிப் பார்த்து, "நம்ம மண்டபத்துல சாப்பிட்டவங்களோடதும் இதுக்குள்ள இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன்.

"அப்ப நம்ம விருந்தாளிங்கம்மா. கரண்ட் இல்லாம எப்படி விடுறது?"

லைனிங் எடுக்கத் துணை

தையில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நானும் போய் ஓரமாகச் சாப்பிட்டு வந்தேன், ப்ளவுஸ் கஸ்டமராகத்தான். மறுபரிசோதனையில் கஸ்தூரி அக்காவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த முகாமும் அதே மண்டபத்தில். இந்த முறை ஸ்டெல்லா அக்கா சமையற்கட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டார். வரிசையைப் பார்த்தால், கஸ்தூரி அக்கா நிற்கிறார், கூடவே சம்பந்தி சரோஜாம்மா! எனக்குப் பதறிவிட்டது. பழக்கதோஷத்தில், "அக்கா, என் ப்ளவுஸ் ரெடியா?" என்று உரக்கக் கேட்டேன்.

கஸ்தூரி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நடிக்காத மேடம், நானே சொல்லிட்டேன். இவங்களுக்கும் பாத்துடு." சரோஜாம்மா சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணி இப்டித்தான் பையன் கல்யாணம் முடியட்டும் முடியட்டும்னே இருந்து போய்ச் சேந்துட்டாங்க. என்கிட்டயா மறைக்கிறது? சொல்லியிருந்தா நானே துணைக்கு வந்திருப்பேன், லைனிங்கும் சரியான கலர்ல எடுத்திருப்பேன்!"

இத்தனை வருட ஆராய்ச்சியில் நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தது ஒன்றுதான்: ஒரு கஸ்தூரி அக்கா நன்றாக இருக்கிறார் என்றால், பீரோவில் புடவையைவிட ப்ளவுஸ் அதிகமாக இருப்பதால் குடியொன்றும் முழுகிப் போய்விடாது.