எந்தப் படகில் ஏறுவது

தனக்கொடிக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சாம்பிராணிப் புகை ஏன் மேலேயே போகிறது என்று பூசாரியையே கேட்டவள். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் மதாம் சிமோன் என்ற பிரெஞ்சு அம்மாள் வீட்டில் இருபது வருஷமாகச் சமையல். எழுபத்திரண்டு வயது மதாம் ஞாயிற்றுக்கிழமை பிரான்சுக்கு, மகளோடு இருக்கப் போகிறார். இனி திரும்புவது சந்தேகம். போவதற்குள் நம் கடலில் டால்பினைப் பார்த்துவிட ஆசை. படகு பார்க்கும் பொறுப்பு தனக்கொடி தலையில் விழுந்தது. சுனாமி வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. யாரை நம்பிக் கடலில் இறங்குவது என்று விசாரிக்கக் கிளம்பினாள்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இரண்டு படகுக்காரர்கள் அகப்பட்டார்கள்.

"பக்கத்துலயே கொண்டுபோயி நிறுத்துறேன். பாக்காம திரும்புனா என் பேரை மாத்திக்கிறேன்" என்றார் ஆதிமூலம்.

"வந்தா பாக்கலாம்மா. வரலன்னா என்னைத் திட்டக்கூடாது" என்றார் சாமிக்கண்ணு.

குழம்பிப்போய் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். ஆதிமூலத்துக்குச் சிவப்பு அரளி, சாமிக்கண்ணுவுக்கு வெள்ளை. தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்தாள். பூசாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு.

சனிக்கிழமை காலை, அம்மன் உத்தரவு என்று ஆதிமூலத்திடமே சொல்லி, மதாமைக் கைப்பிடித்து ஏற்றினாள். ஏறிய பிறகு எண்ணினாள். பதினாறு பேர், லைஃப் ஜாக்கெட் ஆறு.

"அண்ணே, மீதிப் பேருக்கு?"

"கரை இதோ இருக்கு. எதுக்கு பயம்?"

"டால்பின் ஓடிப்போச்சுன்னா?"

"வெரட்டிப் போயி வளைச்சிடுவோம்."

தனக்கொடி எழுந்தாள். "மதாம், எறங்குங்க."

"அம்மன் உத்தரவுன்னியே, இப்ப என்னாச்சு?" என்று சிரித்தார் ஆதிமூலம்.

"பூ குடுத்தவதான் கண்ணும் குடுத்திருக்கா" என்றாள். ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இருவரும் போய் ஏறிய சாமிக்கண்ணு படகில் எட்டே பேர். ஒவ்வொருவர் ஜாக்கெட் வாரையும் அவரே இழுத்துப் பார்த்தார். நடுக்கடலில் இஞ்சினை நிறுத்திவிட்டார். முக்கால் மணி நேரம் வெறும் தண்ணீர். அம்மனை மீறியதால்தானோ என்று தனக்கொடிக்கு உறுத்தியது. நாளைக்கு மதாம் போய்விடுவாரே.

அப்போது தூரத்தில் 'புஸ்' என்று ஒரு மூச்சு. கறுத்த முதுகுகள் எழுந்து வளைந்து மறைந்தன.

"அண்ணே, கொஞ்சம் கிட்ட போலாமா?" கேட்டது தனக்கொடியேதான்.

"குட்டி இருக்கும்மா. நாம போனா தாய் மெரண்டுடும். சும்மா இருங்க, இஷ்டம்னா அதுவே வரும்."

வந்தன. ரொம்பக் கிட்டே இல்லை. மூச்சு கேட்கிற தூரம்.

"ஏழு" என்றார் மதாம்.

"எட்டு மதாம். குட்டிய விட்டுட்டீங்க."

"குட்டியையும் சேத்துத்தான் ஏழு, தனம்."

மறுபடி முதுகுகள் எழும்ப, இருவரும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.