சாய்ந்து நிற்கும் தையல்

டவுன்ஷிப் மார்க்கெட்டில் இருக்கும் என் டிசைன் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாணப் பத்திரிகைக்கோ, காதுகுத்து பேனருக்கோ, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கோதான் வருவார்கள். விசிட்டிங் கார்டு எனக்குப் பத்து நிமிட வேலை. கம்ப்யூட்டரில் பழைய மாதிரிகள் ஏராளமாகக் கிடக்கின்றன. பெயரையும் நம்பரையும் கலரையும் மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

அந்தப் பெண் ஒரு காலை நேரத்தில், ஜெனரல் ஷிப்ட் பஸ்கள் போய் ஓய்ந்த பிறகு வந்தார். முப்பது வயதிருக்கும். வீடு பக்கத்து ஊரான வடக்குத்தில், கணவர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை என்றார். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு தோல் பை கம்பெனியில் எட்டு வருஷம் இருந்தாராம். இப்போது வீட்டிலேயே பர்ஸ், பெல்ட், கைப்பை எல்லாம் செய்கிறார். துணிப்பையிலிருந்து ஒரு பழுப்பு நிற பர்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல மெஷினா வாங்கியிருக்கீங்க போல" என்றேன்.

"மெஷின் இல்லீங்கண்ணே. கையால தச்சது."

என் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை போலிருக்கிறது. "பிளேடு இருக்குதுங்களா?" என்று கேட்டார். போட்டோ வெட்டும் கத்தியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே இந்தத் தையல்ல எங்கனா ஒண்ண வெட்டுங்க."

"ஐயோ, பாழாப் போயிடும்மா."

"ஆவாதுங்க. வெட்டிட்டு இழுத்துப் பாருங்க."

நடுவில் ஒரு தையலை வெட்டினேன். அறுந்த முனையை நகத்தால் நெம்பி இழுத்தேன். அசையவே இல்லை. என் பான்ட் பையில் இருந்த, கடையில் வாங்கிய பர்ஸில் ஒரு நூல் விட்டு, ஓரம் முழுக்கப் பிரிந்து வாய் பிளந்து கிடந்தது எனக்குத் தெரியும். இது கல் மாதிரி இருந்தது.

ஒரே நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று விட்டு இழுப்பதாகச் சொன்னார். ஒரு பக்கம் அறுந்தாலும் அடுத்த பக்கம் பிடித்துக்கொள்ளுமாம். உள்ளங்கை அகலமுள்ள அந்தப் பொருளில் எத்தனை முறை இரண்டு கைகளும் ஒன்றையொன்று கடந்து போயிருக்கும் என்று யோசித்தேன்.

"கார்டுல என்ன போடணும்?" என்று கேட்டேன்.

"'ஹேண்ட்மேட் பேக்ஸ்'னு போடுங்க. தோலுன்னு வேணாங்க."

"ஏம்மா, அதுதானே விஷயம்?"

அவர் பர்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க மாமனார் வேணான்னாரு. அவங்க அப்பாரு காலத்துல எங்க ஜனங்கள தோலுன்னுதான் ஊர்ல ஏசுவாங்களாம். அந்தப் பேர வுட்டு வெளிய வரதுக்கே ஒரு ஆயுசு ஆச்சு, இப்ப நீயே எழுதி ஊருக்குக் குடுப்பியான்னு கேக்குறாரு. அவரு சொல்றதும் நெசந்தானுங்களே."

கம்பெனி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லை யாரும் என்னை நோக்கி எறிந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து மாதிரி பார்க்க வந்தார். கார்டின் நான்கு ஓரத்திலும் தையல் போலச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. இது மெஷின் தையலுங்கண்ணே. நேரா நிக்குது பாருங்க. கையால தச்சா ஒவ்வொண்ணும் கொஞ்சம் சாஞ்சி நிக்கும்."

மாதிரிக்காக அவர் விட்டுப்போயிருந்த பர்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உண்மைதான். காற்றடிக்கும் பக்கம் சாயும் நாற்றுகள் மாதிரி எல்லாத் தையலும் ஒரே அளவில் சாய்ந்து நின்றன. இரண்டு நாள் அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தும் என் கண்ணில் படவில்லை. என் கோடுகளை எல்லாம் அழித்தேன். பர்ஸை ஸ்கேனர் கண்ணாடிமேல் கவிழ்த்து, திரையில் பெரிதாக்கினேன். ஒவ்வொரு தையலும் விரல் நீளத்துக்கு வந்தது. நான் வெட்டிய ஒன்றைத் தவிர வேறு எதுவும் அளவு தப்பவில்லை. மனிதக் கை இப்படிச் செய்யுமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அவரும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் தையலை அத்தனை பெரிதாக அவரும் அன்றுதான் பார்த்திருக்கிறார்.

பிறகு கார்டின் மேலே நான் வைத்திருந்த எழுத்தைப் படித்தார். முகம் மாறியது.

"ஹேண்ட்மேட் பேக்ஸுன்னா துணிப் பையின்னு நெனப்பாங்க. ரெக்சினுன்னு நெனப்பாங்க. இல்லீங்களா?"

"நெனைக்கலாம்."

செல்போனை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"மாமா, தோலுன்னே போடச் சொல்லட்டுமா? இத்தினி கஷ்டப்பட்டுத் தச்சிட்டு, என்னான்னு சொல்லாம குடுக்க மனசு வரல மாமா."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"போட்டா சின்னதாப் போடச் சொல்லு" என்றது குரல்.

"சின்னதாப் போட்டா கண்ணுக்குத் தெரியாது மாமா."

"ஒன் இஷ்டம்மா. ஒன் கை வேல."

வெள்ளைக் கார்டில் நடுவே 'தோல்' என்ற ஒரே சொல்லைப் பெரிதாக வைத்தேன். கீழே 'கையால் தைத்தவை'. ஓரத்தில் அவருடைய சாய்ந்த தையல். கீழ்மூலையில் போன் நம்பர். வேறு எதுவும் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

கார்டுகள் அச்சாகி வந்த அன்று அவர் வரவில்லை. சேத்தியாத்தோப்பில் ஒரு பை கேட்டிருந்தவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தார். வாங்கிப் போக மாமனார் வந்தார். வெளுத்த சட்டை, காலில் பழைய மைன்ஸ் பூட்ஸ். கார்டு பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார்.

"இது நீங்க வரைஞ்சதா தம்பி?"

"இல்லீங்கய்யா. உங்க மருமக தச்சதுதான். அப்படியே படம் எடுத்துப் போட்டேன்."

அவர் கார்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். "வூட்ல தெனம் ஒக்காந்து தச்சிக்கினுதான் இருக்குது. நான்தான் அந்தப் பக்கம் திரும்பாம இருந்துட்டேன்" என்றார்.

பணம் கொடுத்து, மீதியை எண்ணாமல் மடித்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, பாக்கெட்டிலிருந்து ஒரு கார்டை உருவி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"எங்க மருமவளுது. யாருனா கேட்டா சொல்லுங்க."

எத்தனையோ பேருக்குக் கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று யாரும் ஒன்றை நீட்டியதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.