டேங்கில் இறங்குகிறவருக்கு ஒரு பட்டன்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. அதைச் செய்து முடித்த பெருமையை நான் யாருக்கும் பங்கு போட்டுத் தருவதாக இல்லை.

புதுச்சேரித் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனி. பி.காம். முடித்துவிட்டு ஆபீசில் டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். கழிவுநீர் டேங்கைக் கழுவ ஆள் உள்ளே இறங்கும் நாளில் பர்மிட் எழுதவேண்டும். சூப்பர்வைசர் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, மூச்சுவிடக் காற்று இருக்கிறதா, விஷவாயு இருக்கிறதா என்று அளந்து குறிப்பார். அதைப் பார்த்து சேஃப்டி ஆபீசர் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் அவரோ காலையில் வந்ததும், டீ ஆறுவதற்குள், பர்மிட் புக்கில் பத்துத் தாளுக்கு வெறுமனே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். டேங்க் இருக்கும் மூன்று ஷெட்டுக்கும் வெயிலில் நடக்கவேண்டாம் பாருங்கள். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தாராம்.

அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஒருநாள் பொறுக்காமல் மேனேஜரிடம் போய்க் கத்திவிட்டேன். "அவ்ளோ அக்கறைன்னா நீயே ஒண்ணு செய்யேம்மா" என்றார். படிவம் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றைக் கம்பெனி வாங்கிச் சும்மா போட்டிருந்தது. எனக்குக் கோடிங் கீடிங் எதுவும் தெரியாது. ரோஷம் மட்டும் இருந்தது.

உட்கார்ந்து செய்தேன். ஆளுக்கு ஒரு படிவம்: பெயர், ரத்த வகை, மெடிக்கல் செக்கப் செய்த நாள். டேங்குக்கு ஒரு படிவம்: ஆழம், மூடவேண்டிய வால்வுகள். இவற்றை ஒருமுறை நிரப்பினால் போதும். பர்மிட் படிவம் ஒவ்வொரு முறையும் அவற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். டேங்க் பக்கத்தில் வைத்த டேப்லெட்டில், எல்லாரும் டேப் என்பார்கள், பர்மிட் படிப்படியாகத்தான் திறக்கும். மீட்டர் அளவை எழுதாமல் கையெழுத்துப் பக்கம் வராது. வெறும் தாளில் கையெழுத்து என்ற பேச்சே இனி இல்லை. இரண்டு வாரம் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வாரம் டேங்க் பக்கத்திலிருந்து போன் வந்தது. இறங்குகிற அண்ணன், அரியாங்குப்பத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள். "மேடம், டேப்ல நம்பர் தானா வந்து நிக்குது. மீட்டர் இன்னும் பொட்டிய விட்டே வெளிய வரல. சூப்பர்வைசர் எறங்குங்கிறாரு. எறங்கவா, வேணாவா?"

என் படிவத்திலாவது, தப்பாவது என்று சிடுசிடுத்துக்கொண்டே போனேன். டேப்பை வாங்கிப் பார்த்தால், முந்தின தடவை எடுத்த அளவு. பெயரும் ஆழமும் தானே வரட்டும் என்று போட்ட டிக்கை அளவுப் பக்கத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டிருக்கிறேன். பழைய நம்பரை நம்பி சேஃப்டி ஆபீசரும் இருந்த இடத்திலிருந்தே கையெழுத்துப் போட்டுவிட்டார். யாரைத் திட்டினேனோ அவர் செய்ததையே நானும் செய்து வைத்திருந்தேன்.

"எறங்காதீங்கண்ணே. என் தப்புதான்" என்றேன்.

"எறங்கியிருந்தா யாரு தப்புன்னு கேக்க நான் இருந்திருக்க மாட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே பிரித்துப் போட்டேன். மாறாதது மட்டும் தானே வரும். மீட்டர் அளவு தனிப் படிவம். ஒவ்வொரு முறையும் காலியாகத்தான் திறக்கும், அரைமணி கழிந்தால் செல்லாது. பிறகு புதிதாக ஒரு படி சேர்த்தேன். அளவை எழுதியதும் டேப் இறங்குகிறவர் கைக்குப் போகவேண்டும். 'இறங்குகிறேன்', 'இறங்கமாட்டேன்' என்று இரண்டு பட்டன். அவர் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் பக்கம் திறக்கும்.

"கான்ட்ராக்ட் ஆள் கையில பட்டனைக் குடுத்தா வேலை நடக்குமா?" என்று மேனேஜர் குதித்தார்.

"உள்ள போற மூச்சு அவருதுதானே சார்" என்றேன். அவர் போ என்று கையை ஆட்டினார்.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த காலையில் டேங்க் அடியில் கசடு அடைத்து, சோப்பு லைன் நின்றுபோயிருந்தது. மீட்டரில் சார்ஜ் இல்லை. மேனேஜர் எனக்குப் போன் செய்தார். "அந்த ஆளு எத்தனை வருஷமா எறங்குறவரு. மீட்டரெல்லாம் வேணாம். நீ அங்கேர்ந்தே அந்தப் பக்கத்தைத் தொறந்து விடு."

"முடியாது சார்."

"உன் கையிலதானே எல்லாம் இருக்கு?"

"என்னாலயும் முடியாத மாதிரிதான் சார் செஞ்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று டேங்குக்கு நடந்தேன். மேனேஜரும் வந்து நின்றார், முகம் சிவந்து. மீட்டர் சார்ஜ் ஏறி வர ஒருமணி நேரம் ஆனது. சூப்பர்வைசர் அதைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார். பாதி ஆழம்கூடப் போகவில்லை, விஷவாயு என்று மீட்டர் கத்த ஆரம்பித்தது. வெளியே எடுக்கும்வரை நிற்கவில்லை.

சூப்பர்வைசர் அளவை எழுதி டேப்பை அண்ணனிடம் நீட்டினார். அவர் நிதானமாகப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு 'இறங்கமாட்டேன்' என்பதை அழுத்தினார். சேஃப்டி ஆபீசர், சூப்பர்வைசர், மேனேஜர், எல்லாருடைய பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டது. மேனேஜர் கழிவை உறிஞ்சும் லாரிக்குப் போன் போட்டார்.

அண்ணன் டேப்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இத்தினி வருஷமா எறங்கு எறங்குன்னுதான் சொல்லுவாங்க மேடம். எறங்குறியான்னு இன்னிக்குத்தான் கேக்குறாங்க."