பேசிக்கொண்டே ஓடும் தூரம்

துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் சாலையில், இரண்டாவது மைல்கல்லுக்கு அப்பால் என் மகன் விழுந்தான். நான் கையில் கடிகாரத்தோடு சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவன் கால்கள் பின்னுவதைப் பார்த்தேன். பார்த்த பிறகும், "இன்னும் அரை நிமிசந்தான், உடாத" என்று கத்தினேன்.

அவனுக்குப் பதினேழு வயது. கோயமுத்தூரில் நடக்கும் ஐந்து மைல் ஓட்டத்தில் ஓட ஆசைப்பட்டான். பழக்குகிறேன் என்று நான்தான் முன்வந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் காளை பூட்டிய ரேக்ளா வண்டி ஓட்டம். அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் காங்கேயம் காளைகள் நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, ஓடும். ஓட்டத்தன்று காலையில் அவற்றுக்குத் தண்ணீர் காட்டமாட்டார்கள். வயிறு கனத்தால் கால் எழாது என்பார்கள். வண்டிக்காரர் தார்க்குச்சியால் குத்தி விரட்டுவார். மகனுக்கும் அதையே செய்தேன். ஒரு மாதம், தினமும், ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல், குச்சிக்குப் பதிலாகக் கடிகாரத்தைக் காட்டி.

வழியில் வந்த மாட்டுவண்டியில் அவனைக் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உதடு வெளுத்துக் கண் செருகியிருந்தது. மனைவி துணியை நனைத்து அவன் வாயில் பிழிந்துகொண்டே இருந்தாள். டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, உயிருக்குப் பயமில்லை, ஒரு மாதம் படுக்கையில் இருக்கட்டும் என்றார். அந்த மாதம் முழுக்க அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் காளைகளைப் பழக்கும் வண்டிக்காரர் பார்க்க வந்தார். நான் செய்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஏனுங்க, படிக்கற காலத்துல நீங்க நோம்பிக்கு மட்டுந்தானுங்க ஊருக்கு வருவீங்க. விரட்டறத மட்டும் பாத்துப்போட்டீங்க. மத்த நாளெல்லாம் அதுகளச் சும்மா நடத்திக்கிட்டுத்தானுங்க போவோம். மூச்சு வாங்குச்சுன்னா அன்னைக்கு அத்தோட சரிங்க."

மகன் எழுந்ததும் மறுபடி ஓடவேண்டும் என்றான். கடிகாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவுக்கு ஓடினால் போதும், வார்த்தை அறுந்தால் நடக்கவேண்டும் என்று ஏற்பாடு. சைக்கிள் ஹேண்டில்பாரில் தண்ணீர்க் கூஜாவை மாட்டிக்கொண்டு நான் கேள்வி கேட்பேன். பருத்தி எப்போது வெடிக்கும், நேற்று வகுப்பில் என்ன நடத்தினார்கள், இப்படி எதையாவது. அவன் "ஆமாங்க", "தெரியலீங்க" என்பான். ஒவ்வொரு பதிலுக்கும் எனக்கு உயிர் வந்தது. பதில் ஒரு நொடி தாமதித்தால் சைக்கிள் கோணும். அப்படியே எங்களுக்குத் தெரியாமல் தூரம் வளர்ந்தது. மூன்று மைல் நான்காகி, ஆறானது.

ஒரு நாள் காலை, அவன் விழுந்த இடத்துக்கு வந்தபோது என் கேள்விக்குப் பதில் வரவில்லை. திரும்பவும் கேட்டேன். வரவில்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். மூச்சு சீராகத்தான் இருந்தது. முகத்தில் வாட்டமில்லை.

"ஏன் கண்ணு பேசல?"

"அன்னைக்கு இங்கதானுங்கப்பா, தண்ணி வேணும்னு ரெண்டு வாட்டி சொன்னேன். உங்களுக்குக் கேக்கலீங்களா?"

அவன் தண்ணீர் கேட்டதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

"கேட்டுச்சு கண்ணு" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கீழே விழுந்ததில் கூஜாவின் மூடி தெறித்து, ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சமிருந்தது. எடுத்து நீட்டினேன். வாங்காமல் ஓடத் தொடங்கினான், மெல்ல, நாங்கள் பழகியபடியே. கோணியிருந்த ஹேண்டில்பாரைக் கால்களுக்கிடையில் வைத்து நிமிர்த்தினேன். அதற்குள் கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்குப் போயிருந்தான்.